பெருவிரல் கோணல்

மாணவ நேயர்களே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன் வானொலியில் பேச வந்தால் ஒழுக்கத்தைப் பற்றியோ பரீட்சையைப் பற்றியோ பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் என் இடக்காலின் பெருவிரல். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்விரலை முனை குறுகிய பூட்ஸுக்குள் அடைத்துவைத்து வகுப்பறைகளில் நின்றவன் நான். அது என்னைத் திரும்பக் கேள்வி கேட்கத் தொடங்கியபோது எனக்கு அறுபது வயது கடந்திருந்தது.

தஞ்சாவூரில் எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "இதற்குப் பனியன் என்று பெயர்" என்றார். துணைக்கு வந்திருந்த என் பேரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவனுக்குத் தெரிந்த பனியன் திருப்பூரிலிருந்து வருவது. ஆங்கிலச் சொல்லின் ஒலி அப்படி அமைந்துவிட்டது, என் செய்வது! நம் பக்கத்தில் "பெருவிரல் எலும்பு துருத்திக்கொண்டு வளர்ந்துவிட்டது" என்று சொல்வது வழக்கம். துருத்திக்கொண்டிருப்பது உண்மை, வளர்ந்துவிட்டது என்பதுதான் பிழை.

குனிந்து உங்கள் பாதத்தைப் பாருங்கள். பெருவிரலுக்குப் பின்னால், பாதத்தின் உட்புற ஓரமாக, ஒரு நீண்ட எலும்பு இருக்கிறது. அதுவும் விரலெலும்பும் ஏறத்தாழ ஒரே கோட்டில் அமைய வேண்டும். இக்கோளாறில் அந்த நீண்ட எலும்பு மற்றொரு பாதத்தை நோக்கி மெல்ல விலகுகிறது. விரலோ எதிர்த்திசையில் அடுத்த விரலின்மேல் சாய்கிறது. இரண்டும் கூடும் மூட்டு, முக்கோணத்தின் உச்சிபோல் வெளியே தள்ளி நிற்கிறது. அதன்மேல் தோல் உராய்ந்து உராய்ந்து, உள்ளே இருக்கும் சிறு நீர்ப்பை வீங்கிச் சிவக்கிறது. மருத்துவர்கள் எக்ஸ்ரே படத்தில் இரு எலும்புகளின் வழியே கோடு கிழித்து இடைக்கோணத்தை அளப்பார்கள். 15 பாகைக்குள் இருந்தால் இயல்பு என்பர். 40 பாகையைத் தாண்டினால் கடுமை என்பர். எனக்கு 34 பாகை. வரைகணிதம் எதற்குப் பயன்படும் என்று என்னைக் கேட்ட பழைய மாணவர்கள் இதனைக் கேட்டுக்கொண்டிருப்பார்களாக.

புடைத்திருப்பது இடம்பெயர்ந்த எலும்பின் தலையே என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், "அந்தப் புடைப்பை மட்டும் சீவிவிட்டால் போதாதா?" என்ற கேள்விக்கு விடை தானே கிடைத்துவிடும். சீவினாலும் விலகிய எலும்பு விலகியபடியே நிற்கும்.

இந்தக் கோணல் ஏன் வருகிறது? என் தாயாருக்கு இதே விரல், இதே கோணல். அவர் வாழ்நாளில் பூட்ஸ் அணிந்தவர் அல்லர். நாற்று நடவும் களையெடுக்கவும் வெறுங்காலோடு சேற்றில் இறங்கியவர். ஆகவே இது குடும்பவழி வரக்கூடியது என்பதற்கு எனக்குப் புத்தகச் சான்று தேவைப்படவில்லை. ஆயினும் காலணிக்கு இதில் பெரும் பங்கு உண்டு. 1958-ஆம் ஆண்டு ஹாங்காங்கில் லாம் சிம் ஃபூக், ஹாட்ஜ்சன் என்னும் இரு மருத்துவர்கள், காலணி அணிந்த சீனர்களையும் படகுகளில் வெறுங்காலோடு வாழ்ந்த சீனர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து வெளியிட்டார்கள். காலணி அணிந்தவர்களுள் நூற்றுக்கு 33 பேரிடம் இக்கோணல் இருந்தது. அணியாதவர்களிடம் நூற்றுக்கு 2 பேருக்கும் குறைவு. என் தாயார் அந்தச் சிறுபான்மையைச் சேர்ந்தவர்.

2021-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்துப் பழைய கல்லறைகளின் எலும்புகளை ஆராய்ந்தவர்கள் இன்னும் வியப்பான செய்தியைக் கண்டனர். பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் அந்நாட்டில் கூரிய நீண்ட முனையுள்ள பூட்ஸ் நாகரிகமாயிற்று. அக்காலத்து எலும்புகளில் நூற்றுக்கு 27-இல் கோணல் இருந்தது. அதற்கு முந்திய நூற்றாண்டுகளின் எலும்புகளில் நூற்றுக்கு 6 மட்டுமே. கோணல் உள்ளவர்களிடையே விழுந்து எலும்பு முறிந்த அடையாளங்களும் மிகுதி. நாகரிகத்தின் விலையை அவர்கள் எலும்பால் கொடுத்தார்கள். கடைக்குச் செல்லும்முன் ஒரு தாளின்மேல் நின்று பாதத்தின் எல்லையைப் பென்சிலால் வரைந்து, வாங்கப்போகும் காலணியை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கோட்டுக்கு உள்ளே அடங்கிவிடும் காலணி உங்கள் காலுக்கு உரியதன்று. கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் வாங்குவது நல்லது.

இனி, அறுவைச் சிகிச்சை. என் தந்தையார் காலத்தில் இதனை ரண சிகிச்சை என்பார்கள். அச்சொல்லைக் கேட்டாலே பாதி நோய் பறந்துவிடும். நான் இரண்டு ஆண்டுகள் தயங்கினேன். அகன்ற முனையுள்ள செருப்புக்கு மாறினேன். விரலிடுக்கில் வைக்கும் மெத்தையும், இரவில் கட்டிக்கொள்ளும் பட்டையும் வாங்கினேன். பட்டை கட்டியிருக்கும்வரை விரல் நேராக நிற்கும். அவிழ்த்தால் பழைய இடத்துக்கே போய்விடும். முழு வளர்ச்சியடைந்தவர்களின் கோணலை இத்தகைய பட்டைகள் நிலையாக நிமிர்த்துவதில்லை என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். விளம்பரத்தை நம்பியது என் குற்றம்.

என் மைத்துனர், "இந்த வயதில் எதற்கு அத்தான் காலில் கத்தி வைக்கிறீர்கள்?" என்றார். எதிர்வீட்டுக்காரர், "நாலு நாளில் எழுந்து ஓடலாம்" என்றார். இருவரும் என்மேல் அன்புள்ளவர்கள். இருவர் சொன்னதும் தவறு.

மருத்துவர் என்னைக் கேட்ட முதற் கேள்வி, "கோணல் உறுத்துகிறதா, வலி உறுத்துகிறதா?" என்பது. கண்ணுக்கு அழகாயில்லை என்பதற்காக வலியில்லாத விரலை அறுக்கலாகாது என்றார். எனக்கோ, காலையில் கால்வாய்க் கரையில் நடக்கும் வழக்கம் நின்றுபோய்விட்டது. இரண்டாம் விரல் பெருவிரலின்மேல் ஏறத் தொடங்கியிருந்தது. அகன்ற செருப்பும் உதவவில்லை. இவற்றையெல்லாம் கேட்டபின்பே அவர் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசினார். 2001-இல் பின்லாந்து நாட்டு மருத்துவர்கள் வலியுள்ள 209 நோயாளிகளை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவினர்க்கு அறுவை. ஒரு பிரிவினர்க்குக் காலணிக்குள் வைக்கும் தாங்கி. ஒரு பிரிவினர் சும்மா காத்திருந்தனர். தாங்கி சில மாதங்களுக்கு ஓரளவு ஆறுதல் தந்தது. ஓராண்டின் முடிவில் அறுவை செய்துகொண்டவர்களே மேலான நிலையில் இருந்தார்கள்.

ஆனால் அவர் மறுபக்கத்தையும் மறைக்கவில்லை. மூட்டு சற்று விறைக்கலாம், விரலோரம் மரத்துப்போகலாம், புண்ணில் சீழ் பிடிக்கலாம், சிலருக்குக் கோணல் திரும்பலாம். நீரிழிவு இருந்தால் சர்க்கரை அடங்கியிருக்க வேண்டும். காலில் இரத்த ஓட்டம் நன்றாயிருக்க வேண்டும். புகைப்பவர்களுக்கு எலும்பு கூடுவது தாமதமாகும். ஆறு வாரம் வீட்டில் உதவிக்கு ஆள் உண்டா என்றும் கேட்டார். இக்கடைசிக் கேள்வியே மிக முக்கியமானது என்று பின்னர் உணர்ந்தேன்.

2023-ஆம் ஆண்டு, தை மாதத்தில் சிகிச்சை நடந்தது. கணுக்காலைச் சுற்றிப் பாதத்துக்கு இறங்கும் ஐந்து நரம்புகளை ஊசி மருந்தால் மரத்துப்போகச் செய்தார்கள். பின்னர் நீண்ட எலும்பை நீளவாக்கில் படிபோல் அறுத்து, தலைப்பகுதியை உரிய இடத்துக்கு நகர்த்தி, சிறு திருகாணிகளால் இறுக்கினார்கள். இரு மரத்துண்டுகளைச் சாய்வாகச் செதுக்கி ஒட்டும் தச்சர் வேலையின் பெயரையே ஆங்கிலத்தில் இம்முறைக்கு வைத்திருக்கிறார்கள். இதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட முறைகள் விவரிக்கப்பட்டுள்ளனவாம். ஒரே முறை எல்லாக் காலுக்கும் பொருந்தாது என்பதற்கு அதுவே சான்று.

அன்று மாலை எனக்கு வலியே இல்லை. செவிலியர் மாத்திரை கொண்டுவந்தபோது, "வலிக்கவில்லையே அம்மா, எதற்கு?" என்று பெருமையோடு மறுத்துவிட்டேன். இரவு மூன்று மணிக்கு மரப்பு நீங்கியது. அந்த வலியை வருணிக்கப் போவதில்லை. செவிலியர், "பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள், சார்?" என்று கேட்டார். வாழ்நாளெல்லாம் பிறருக்கு மதிப்பெண் போட்டவன், பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பது என்றேன். பத்தைச் சொல்ல அப்போதும் கௌரவம் இடந்தரவில்லை. மரப்பு நீங்குவதற்கு முன்பே முதல் மாத்திரை உடலில் இறங்கியிருக்க வேண்டும். ஓங்கிவிட்ட வலியை அடக்குவது, ஓங்காமல் தடுப்பதைவிட மிகக் கடினம். மறுநாள் முதல் கடிகாரத்தைப் பார்த்து மாத்திரை விழுங்கினேன்.

வலியைப் பற்றி இங்கே ஒருவரை நினைவுகூர வேண்டும். பால் பிராண்டு என்பவர் 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் கைகால்களைச் சீர்படுத்தும் அறுவை மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்றார். தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்று மக்கள் நம்பிய காலம் அது. நோய் நரம்பைக் கெடுத்து வலியுணர்ச்சியைப் போக்கிவிடுகிறது. அதனால் சுடுவதும் குத்துவதும் தெரியாமல், ஓய்வு கொடுக்கத் தோன்றாமல், நோயாளியே தன் உறுப்பை அழித்துக்கொள்கிறான் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். பின்னாளில் அமெரிக்காவில், வலி இழந்தவர்களுக்குக் கருவியால் செயற்கை வலி உண்டாக்க முயன்றார். முயற்சி பலிக்கவில்லை. எச்சரிக்கை தொந்தரவாகத் தோன்றியபோது அணிந்திருந்தவர்கள் கருவியை நிறுத்திவிட்டார்கள்!

கட்டிலில் படுத்தபடி இதனை எண்ணிப் பார்த்தேன். வலி எனக்குக் காவற்காரன். ஆயினும் இரவெல்லாம் கத்தும் காவற்காரனோடு தூங்கவும் இயலாது. அவன் குரலைத் தணிக்க வேண்டும். வாயை அடைத்துவிடக் கூடாது. மருத்துவர் வகுத்த முறையும் அதுவே. ஒரே மருந்தை மிகுதியாகக் கொடாமல், வழி வேறான இரண்டு மூன்றைச் சிறுகச் சிறுகக் கொடுப்பது. பாராசிட்டமால் அடிப்படை, அதிலும் நாளொன்றுக்கு மீறக் கூடாத அளவு உண்டு, மீறினால் கல்லீரல் கெடும். வீக்கத்தைத் தணிக்கும் மாத்திரை உணவோடு சில நாட்கள். குடற்புண்ணோ சிறுநீரகக் குறையோ உள்ளவர்களுக்கு அது ஆகாது. அபினி வகையைச் சேர்ந்த கடுமையான மாத்திரை முதல் மூன்று இரவுகளுக்கு மட்டும். அது மலச்சிக்கலையும் தலைச்சுற்றலையும் கொடுத்தது, நிறுத்தியபோது மகிழ்ந்தேன்.

மாத்திரைக்கு நிகராக உதவியவை மூன்று தலையணைகள். எங்கள் பேராவூரணி, கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி. மேட்டூரில் நீர் திறந்தாலும் எங்கள் வயலைத் தொடப் பல நாள் ஆகும். மழை மிகுந்தாலோ நீர் வடியவும் பல நாள் ஆகும். பாதம் உடலின் கடைமடை. அங்கே தேங்கிய நீர் தானாக மேலேறி வடியாது. பாதத்தை நெஞ்சின் மட்டத்துக்கு மேல் உயர்த்திப் படுத்தால் கால்மணி நேரத்தில் துடிப்பு அடங்கும். தொங்கவிட்டால் இரண்டே நிமிடத்தில் திரும்பும். முதல் இரு வாரங்கள் உணவுக்கும் கழிப்பறைக்கும் அன்றி நான் காலைத் தரையில் வைக்கவில்லை. துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கட்டின்மேல் சிறிது நேரம் வைப்பதும் உதவியது.

வலி நாளுக்கு நாள் குறைந்துவர வேண்டும். குறைந்த வலி மீண்டும் ஏறினால், காய்ச்சலோ சீழோ கண்டால், விரல் நீலம் பாய்ந்தால், ஆடுதசை இறுகி வீங்கி வலித்தால், மாத்திரையைக் கூட்டிக்கொண்டு கிடக்காமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஆடுதசை வலி, இரத்தக் குழாயில் உறைவு ஏற்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம். உங்கள் தாயோ பாட்டியோ இச்சிகிச்சை செய்துகொண்டால், இதனைக் கவனிக்க வேண்டியவர் பெரும்பாலும் நீங்களே.

ஆறு வாரம் குதிகாலில் பாரம் தாங்கும் தனிச்செருப்பு, அதன்பின் எக்ஸ்ரே, அதன்பின் அகன்ற செருப்பு. நான்காம் மாதத்திலும் மாலையில் பாதம் வீங்கியது. முழுதும் வடிய ஓராண்டு ஆயிற்று.

என் தங்கைக்கும் தாயார் வழி வந்த அதே கோணல் உண்டு. "அண்ணே, நானும் செய்துகொள்ளட்டுமா?" என்று கேட்டாள். அதே மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். வலியில்லை, நடையில் குறையில்லை, சர்க்கரை மட்டும் கூடுதல் என்று கண்டு, அகன்ற மெத்தென்ற செருப்பை எழுதிக் கொடுத்து, ஆண்டுக்கொரு முறை காலைக் காட்டச் சொல்லி அனுப்பிவிட்டார். சித்திரைத் திருவிழாவுக்கு இருவரும் நீலகண்டப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்தே போய்வருகிறோம். அவள் விரல் கோணலாகவே இருக்கிறது. என் விரல் நேராக இருக்கிறது. முன்போல் முழுதும் மடங்குவதில்லை.