நாய்க்கும் ஒரு தொழில் வேண்டும்

வேளைக்கு ஆகாரமும், காலத்துக்குத் தடுப்பூசியும், படுக்க நிழலும் கொடுத்துவிட்டால் நாயின் தேகசுகத்துக்கு வேண்டியவை யாவும் செய்தாகிவிட்டன என்று எண்ணுகிறவர்கள், அதே நாய் செருப்பைக் கடித்துக் குதறுவதையும், பூந்தொட்டியைத் தோண்டுவதையும், தன் பாதத்தையே நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்வதையும் கண்டு, அதைத் துஷ்டப் பிராணி என்று வைகிறார்கள். இத்தகைய செய்கைகளுக்கு நோயும் காரணமாகலாம் ஆகையால், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே விவேகம்; தேகத்தில் கோளாறு இல்லையென்று அவர் சொல்லிவிட்டால், கோளாறு பெரும்பாலும் வேலையில்லாமையில்தான் இருக்கிறது. வேட்டையாடவும் மந்தை காக்கவும் தலைமுறை தலைமுறையாகப் பழகிய ஜீவனுக்கு அந்தத் தொழிலை அபாயமற்ற வடிவில் திருப்பிக் கொடுப்பதே விளையாட்டின் நோக்கம்.

மூக்குக்கு வேலை

வாசனையை உணரும் உயிரணுக்கள் மனிதனின் நாசியில் ஏறக்குறைய 50 லட்சம் என்றால், நாயின் நாசியில், இனத்துக்கேற்ப, 10 கோடிக்கும் அதிகம். இவ்வளவு பெரிய கருவியைச் சும்மா வைத்திருப்பதற்குப் பதிலாக, மூன்று கொட்டாங்கச்சிகளைக் கவிழ்த்து, அவற்றுள் ஒன்றின் அடியில் மட்டும் அவித்த கோழியிறைச்சித் துண்டை வைத்து, எதனடியில் இருக்கிறதென்று நாயே கண்டுபிடிக்கும்படி விடலாம். அது பழகிய பின்னர், அறைக்கு அறை ஒளித்துவைத்துத் தேடச் சொல்லலாம். தின்பண்டத்தைத் தனியாகச் சேர்க்காமல் அன்றைய ஆகாரத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தால், உடல் பருக்கும் என்ற பயமும் இல்லை.

காலுக்கு வேலை

சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாட்டு வேட்டை நாய்கள், மோப்பத்தைவிடக் கண்பார்வையை நம்பி முயலைத் துரத்தியவை. நீண்ட கழியின் நுனியில் கயிறு கட்டி, கயிற்றின் முனையில் ஒரு துணிமுடிச்சை வைத்து, மண்தரையில் வளைத்து வளைத்து இழுத்தால், அந்தப் பூர்வ சுபாவம் உடனே விழித்துக்கொள்ளும். ஆனால், முடிவில் அதைப் பிடிக்கவிட வேண்டியது அவசியம். சுவரில் ஒளிப்புள்ளியை ஓடவிட்டு நாயைத் துரத்தவைக்கும் வேடிக்கையில் பிடிப்பதற்கு எதுவுமே அகப்படாதபடியால், சில நாய்கள் நிழலையும் வெளிச்சத்தையும் ஓயாமல் துரத்தும் மனக்கோளாறுக்கு ஆளாகிவிடுகின்றன.

புத்திக்கு வேலை

அமெரிக்காவில் ஜான் பில்லி என்ற உளவியல் பேராசிரியர், சேசர் என்னும் பார்டர் கோலி இனப் பெண் நாய்க்கு மூன்று ஆண்டுகளில் 1,022 விளையாட்டுப் பொருள்களின் பெயர்களைக் கற்பித்து, அந்த ஆராய்ச்சியை 2011-இல் வெளியிட்டார். நம் வீட்டு நாய்க்கு அத்தனை வேண்டாம். பந்து, பொம்மை என்று இரண்டே பொருள்களில் தொடங்கி, சொன்னதை எடுத்துவந்தால் தட்டிக்கொடுத்து, ஒன்று நன்றாகப் படிந்த பின்னரே அடுத்ததற்குப் போகலாம். வீட்டிலுள்ளோர் கதவு மறைவில் ஒளிந்து நாயைப் பெயர் சொல்லி அழைக்கும் கண்ணாமூச்சியும், கூப்பிட்டவுடன் வரும் நல்வழக்கத்தை அதற்கு உண்டாக்கும்.

கவனிக்க வேண்டியவை

நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. முக்கியமாக இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆகையால், கோடையில் விடியலிலும் பொழுது சாய்ந்த பின்பும் மட்டுமே ஓடவிட வேண்டும். உள்ளங்கை பொறுக்காத தரை அதன் பாதத்துக்கும் ஆகாது. வயிறு நிறைய உண்டவுடன் ஓடுவது, ஆழ்ந்த மார்புடைய பெரிய நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயத்தை உண்டாக்கக்கூடும். தொண்டையில் சிக்கும் சிறு பந்து, வாயைக் கிழிக்கும் குச்சி, வழுக்கும் தரை ஆகியவற்றைத் தவிர்க்கவேண்டும். பரிசாகக்கூடச் சாக்லேட், திராட்சை, வெங்காயம் கலந்த பண்டம் எதையும் கொடுக்கலாகாது. அவை நாய்க்கு விஷம்.

எலும்பு முதிராத குட்டியை உயரத் தாண்டவைப்பதும், மூட்டு தேய்ந்த கிழநாயை ஓடவைப்பதும் தவறு. ஆனால், அவ்விரண்டுக்கும் மோப்ப விளையாட்டுப் பொருந்தும் ஆகையால், வயதுக்குத் தக்கபடி விளையாட்டை மாற்றவேண்டுமேயன்றி, வயதைச் சாக்கிட்டு அதை நிறுத்திவிடலாகாது.