எழுத்துக்கு முன்னால் டிபன் பாக்ஸ்

ஜூனில் பள்ளி திறக்க இரண்டு மாதம் இருக்கும்போதே, மூன்று வயதுப் பிள்ளை உள்ள வீடுகளில் பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. சுவரில் எழுத்து சார்ட் ஏறுகிறது. சாப்பிட உட்கார்ந்தால் ‘ஏ ஃபார் ஆப்பிள்’. விருந்தாளி வந்தால், ‘மாமாவுக்கு ஒன் டூ த்ரீ சொல்லிக் காட்டு!’

பள்ளி திறந்த முதல் வாரத்தில் குழந்தையை அழவைப்பவை வேறு. டிபன் பாக்ஸ் மூடியோடு மல்லுக்கட்டித் தோற்று, இட்லியை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரும் பிள்ளைகள் உண்டு. ஒன்றுக்கு வருகிறது என்று புது டீச்சரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, உடுப்பை நனைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும் பிள்ளைகளும் உண்டு. எழுத்தைச் சொல்லித் தரத்தான் பள்ளி இருக்கிறது. இவற்றைப் பழக்க வீடுதான் சரியான இடம்.

பென்சிலுக்கு விரல் தயாரா?

மனித மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் உள்ளன. மூன்று வயதுக் குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், பொதுவாக அவற்றில் 2 அல்லது 3 மட்டுமே எலும்பாகத் தெரியும். மற்றவை இன்னும் குருத்தெலும்புதான். எட்டாவது எலும்பு தெரியவே 8 முதல் 12 வயது வரை ஆகும். கை தசைகளும் அப்படித்தான், மெதுவாகவே வலுக்கின்றன.

வரைவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு 3 வயதில் வட்டம் போட வரும், 4 வயதில் கூட்டல் குறி வரும். சாய்கோடுகள் சேர்ந்த முக்கோணத்துக்கு ஏறக்குறைய 5 வயது ஆகவேண்டும். அப்படியிருக்க, இரண்டு சாய்கோடுகளால் ஆன ஆங்கில ‘ஏ’யை மூன்று வயதில் நூறு முறை எழுதச் சொன்னால் கை வலிக்கும், கூடவே நோட்டுப் புத்தகத்தைக் கண்டாலே வெறுப்பும் வரும்.

சமையலறையில் நடக்கும் வகுப்பு

இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, மேசை துடைப்பது போன்ற வீட்டு வேலைகள் அவருடைய கல்வி முறையில் பாடமாகவே இடம்பெற்றன. 1939-இல் அவர் சென்னைக்கு வந்து, அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார். இன்று அவர் பெயரைப் பலகையில் மாட்டிக்கொண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு ஹோம் ஒர்க் கொடுக்கிறார்கள் என்பது தனி வேடிக்கை.

நம் வீடுகளில் இதற்குத் தனியாகச் சாமான் வாங்க வேண்டியதில்லை. கோலத்தையே எடுத்துக்கொள்ளலாம். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றாலும் மாவைக் கிள்ளி எடுத்து, பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால்தான் கோடு விழும். இறுக்கிப் பிடித்தால் மாவு இறங்காது. சட்டென்று விட்டால் குவியலாகக் கொட்டிவிடும். நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கப்போவதும் இதே மூன்று விரல்கள்தான். மூன்று வயதில் கோலம் வராது, வரவேண்டியதும் இல்லை. ஒரு தாம்பாளத்தில் அரிசி மாவைக் கொடுத்து, இஷ்டத்துக்குக் கோடும் வட்டமும் போட விட்டால் போதும். கடையில் விற்கும் கல்பொடி மட்டும் வேண்டாம், கண்ணிலும் மூக்கிலும் போனால் தொல்லை.

பச்சைப் பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவை உருட்டித் தட்டுவது, முருங்கைக்கீரை ஆய்வது எல்லாம் இதே வகைதான். சொம்பில் கால்பங்கு தண்ணீரும் இரண்டு டம்ளரும் கொடுத்து, கீழே ஒரு பழைய துண்டை விரித்துவிட்டால் அரை மணி நேரம் ஓடிவிடும். தண்ணீர் சிந்தத்தான் செய்யும். சிந்தியதைத் துடைப்பதிலும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான்.

பட்டாணி, புளியங்கொட்டை, மணி போன்றவை கையில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கவேண்டும். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொண்டு வரும் பிள்ளைகள் காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்குப் புதிதல்ல.

வீட்டிலேயே ஒத்திகை

பள்ளி திறக்கும் முன் சில நாட்கள், மதியச் சாப்பாட்டை வீட்டிலும் டிபன் பாக்ஸிலேயே கொடுத்துப் பார்க்கலாம். மூடியைத் திறக்க வருகிறதா, பாட்டில் திருகு சுற்றுகிறதா, யாரும் ஊட்டாமல் எவ்வளவு இறங்குகிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். கார்ட்டூன் படம் போட்ட அழகான டப்பாவைவிட, பிஞ்சு விரலுக்குத் திறக்க வரும் டப்பாதான் நல்ல டப்பா. உடுப்பிலும் இதே கணக்குதான். பெல்ட்டும் கொக்கியும் வேண்டாம், எலாஸ்டிக் வைத்த கால்சட்டையும் ஒட்டும் பட்டை வைத்த ஷூவும் போதும்.

கழிப்பறை விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். பள்ளியில் அடக்கிக்கொண்டே இருக்கும் குழந்தைக்கு மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரலாம். தண்ணீர் குடிக்காமல் இருந்து சமாளிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வீட்டில் செல்லமாகச் சொல்லும் சொல் ஆயாவுக்குப் புரியாமல் போகலாம், அதை முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது. முடிந்தால் சேர்க்கைக்குப் போகும் அன்றே பள்ளிக் கழிப்பறையைக் குழந்தைக்குக் காட்டிவிடலாம்.

‘ஸ்கூல்ல போட்டுடுவேன்!’

சாப்பிட அடம்பிடித்தால் ‘டீச்சர்கிட்ட சொல்லிக்கொடுத்துடுவேன்’, சேட்டை செய்தால் ‘ஸ்கூல்ல கொண்டுபோய்ப் போட்டுடுவேன்’. மாதக்கணக்கில் இப்படிப் பூச்சாண்டி காட்டிவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலையில் அங்கேயே கொண்டுபோய் விட்டால் பிள்ளை அலறாமல் என்ன செய்யும்?

பிரிவைச் சின்ன அளவில் பழக்கலாம். பாட்டி வீட்டிலோ சித்தி வீட்டிலோ முதலில் அரை மணி நேரம், பிறகு ஒரு மணி நேரம். கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் கிளம்பவேண்டும். பின்வாசல் வழியாக நழுவினால் அன்றைய அழுகை மிச்சமாகும். ஆனால் மறுநாள் அம்மா கண்மறைந்தாலே குழந்தைக்குச் சந்தேகம் வரும். ‘மணி பன்னிரண்டுக்கு வருவேன்’ என்பது மூன்று வயதுக்கு விளங்காது, ‘நீ சாப்பிட்டு முடிச்சதும் வருவேன்’ என்பது விளங்கும். சொன்னபடி வந்து நிற்கவும் வேண்டும்.

தூக்கமும் செல்போனும்

3, 4 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கமும், 3 மணி நேர ஓட்டமும் ஆட்டமும் வேண்டும், திரை பார்ப்பது 1 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தது. இரவு பதினொன்றுக்குத் தூங்கும் பிள்ளையைக் காலை ஏழுக்கு எழுப்பினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. படுக்கும் நேரத்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் தள்ளிக்கொண்டே வரலாம்.

சேர்க்கும் முன் ஒரு பரிசோதனை

ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கலாக இருந்தால் குழந்தை சொல்லாது. மற்ற கண்ணை வைத்துச் சமாளித்துவிடும். இந்தச் ‘சோம்பேறிக் கண்’ 7 வயதுக்கு முன் தெரியவந்தால் சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்குக் காதில் நீர் தேங்கி, கேட்கும் திறன் குறைந்திருக்கலாம். அதையும் ‘சொன்ன பேச்சைக் கேட்பதில்லை’ என்றே வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். மூன்று வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தையை ‘ஸ்கூல் போனா சரியாயிடும்’ என்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், அங்கன்வாடிப் பிள்ளைகளை மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை பரிசோதிக்க ஏற்பாடு இருக்கிறது.

தடுப்பூசி அட்டையையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். 16 முதல் 24 மாதத்துக்குள் போடவேண்டிய தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை விட்டுப்போயிருந்தால் இப்போது கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

எல்லாம் செய்தாலும் முதல் ஆண்டில் சளி இருமல் வரத்தான் செய்யும். இந்த வயதில் ஆண்டுக்கு ஆறேழு முறை சளி பிடிப்பது சாதாரணம், பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு இன்னும் கூடலாம். காய்ச்சல் விட்டு ஒரு நாள் கழித்து அனுப்பினால் போதும். மூச்சு வாங்கினாலோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் சுருண்டு படுத்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும்.