உங்களுக்குத் தெரியுமா? பிரிட்டனில் எஃப்.சி. பார்க்கும் இருங்காட்டுக்கோட்டை ஐ10

● பிரிட்டன் சாலைகளில் ஓடும் முதல் தலைமுறை ஹூண்டாய் ஐ10 கார்கள் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாரானவை. 2007 அக்டோபர் கடைசியில் இந்தியாவில் அறிமுகமான கார், அடுத்த ஆண்டே கப்பலேறி அங்கே விற்பனைக்குப் போய்விட்டது. அங்கே செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் சேசிஸ் நம்பரைப் பார்த்தாலே போதும். 17 எழுத்துகளில் முதல் மூன்று ‘எம்.ஏ.எல்.’ என்றிருந்தால் வண்டி நம்ம ஊர்த் தயாரிப்பு. அடுத்த தலைமுறையில் ஐரோப்பாவுக்கான ஐ10 துருக்கியின் இஸ்மித் நகருக்குப் போய்விட்டது.

● அந்தக் கார் அங்கே பரவ ஒரு அரசுத் திட்டமும் கைகொடுத்தது. 2009 மே மாதம், 10 வயதைத் தாண்டிய காரை உடைக்கக் கொடுத்துவிட்டுப் புதுக்கார் வாங்குவோருக்கு 2,000 பவுண்டு தள்ளுபடி அறிவித்தார்கள். பாதி அரசுப் பணம், பாதி கம்பெனிப் பணம். பெரிய காருக்கு அது சிறு தொகை; ஐ10 போன்ற சின்ன காருக்கோ விலையில் கணிசமான பங்கு. அதனால்தான் இன்று அங்கே விற்பனைக்கு வரும் பழைய ஐ10களில் 2009, 2010 வண்டிகளை நிறையப் பார்க்கலாம்.

● நம் ஊர் எஃப்.சி.க்கு இணையான அங்கத்திய சோதனையின் பெயர் எம்.ஓ.டி. 1960இல் தொடங்கியபோது 10 வயதான வண்டிகளுக்கு மட்டும்தான். பிரேக், விளக்கு, ஸ்டியரிங் மூன்றைத்தான் பார்த்தார்கள். ஏராளமான வண்டிகள் தேறாமல் போகவே, மறு ஆண்டே வயது வரம்பை 7 ஆக்கினார்கள். 1967இல் 3 ஆண்டு. இன்றும் அதுவே விதி: சொந்தக் காராக இருந்தாலும் மூன்று வயதானதும் சோதனை, அதன்பின் ஆண்டுதோறும். வட அயர்லாந்தில் மட்டும் நான்கு வயதில் ஆரம்பம்.

● காருக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு. எம்.ஓ.டி. இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம்.

● ஒரு காரின் எம்.ஓ.டி. வரலாறு முழுவதையும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம் என்பதுதான் இதில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம். நம்பர் பிளேட்டில் உள்ள எண் போதும். எந்தத் தேதியில் சோதனை, தேறியதா, தேறவில்லை என்றால் எந்த பாகத்தால், மீட்டர் அப்போது எத்தனை மைல் காட்டியது என எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். சோதனைகள் கணினிமயமான 2005 முதல் இந்தப் பதிவுகள் இருக்கின்றன. ஐ10 அதற்குப் பிறகு வந்த கார் என்பதால், ஒவ்வொரு ஐ10க்கும் முதல் சோதனையிலிருந்தே கணக்கு உண்டு. மீட்டரைக் குறைத்து விற்க நினைப்பவருக்கு இதைவிடப் பெரிய தடை இல்லை. போன வருடம் 61,000 மைல் காட்டிய வண்டி இந்த வருடம் 38,000 காட்டினால் வீட்டில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிடலாம்.

● 2020இல் ஒரு வண்டிக்குச் சோதனை தள்ளிப்போயிருந்தால் விற்பவரைச் சந்தேகிக்க வேண்டாம். அந்த ஆண்டு மார்ச் 30 முதல் ஜூலை 31 வரை கெடு முடிந்த வண்டிகளுக்கு, கொரோனா காரணமாக அரசே ஆறு மாதம் நீட்டிப்புக் கொடுத்தது.

● டயரின் பட்டன் ஆழம் நடுப்பகுதி முக்கால் அகலத்திலும், சுற்றளவு முழுவதிலும் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் 16 சதவீதத் திறன் காட்டினால் போதும். கால் பிரேக்கில்தான் ஒரு நுட்பம். 2010 செப்டம்பர் 1க்கு முன் சாலைக்கு வந்த காருக்கு 50 சதவீதம். அன்றோ அதற்குப் பிறகோ வந்ததற்குப் பொதுவாக 58 சதவீதம். ஐ10 விற்பனையான காலம் இந்தத் தேதிக்கு இருபுறமும் விழுகிறது. ஆகவே ஒரே மாடல், ஒரே பிரேக், ஆனால் தேறும் மதிப்பெண் மட்டும் வேறு.

● 2018 மே 20 முதல் குறைகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: சிறியது, பெரியது, ஆபத்தானது. சிறியது தேறும், மற்ற இரண்டும் தேறாது. ஆபத்தானது என்று எழுதிவிட்டால் சரிசெய்யாமல் அந்த வண்டியை சாலையில் ஓட்டக் கூடாது. டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்தாலே தேறாது என்பதும் அப்போது வந்த விதிதான். பல்பைப் பிடுங்கி மறைக்கவும் வழியில்லை. சாவியைத் திருப்பும்போது அந்த விளக்கு ஒருமுறை எரிந்து அணைகிறதா என்றும் பார்ப்பார்கள்.

● விவரம் தெரிந்தவர்கள் ‘பாஸ்’ என்ற சொல்லோடு நிறுத்த மாட்டார்கள். அதற்குக் கீழே உள்ள அறிவுரைக் குறிப்புகளை வரி வரியாகப் படிப்பார்கள். ‘முன் டயர் தேய்ந்து வருகிறது’, ‘பின் ஆக்ஸிலில் துரு தெரிகிறது’ என்பது மாதிரியான குறிப்புகள் அவை. வண்டி தேறிவிட்டது, ஆனால் இதைக் கவனியுங்கள் என்று பொருள். ஒரு குறிப்பு அடுத்த ஆண்டு காணாமல் போயிருந்தால் அந்த உரிமையாளர் வண்டியைப் பார்த்துக்கொள்கிறவர். அதே குறிப்பு மூன்று ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்து நான்காம் ஆண்டு தேறாமல் போயிருந்தால், சட்டம் கட்டாயப்படுத்தினால் மட்டுமே செலவு செய்கிறவர் அவர். சோதனையில் அகப்படாத பாகங்களை அவர் எப்படி வைத்திருப்பார் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

● அகப்படாத பாகங்கள் எவை? என்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ்! இவற்றின் நிலை எம்.ஓ.டி.யில் அடங்காது. எந்தப் பாகத்தையும் கழற்றிப் பார்க்கவும் சோதகருக்கு அனுமதி இல்லை. ஐ10 வாங்குகிறவர் இதை அவசியம் மனதில் வைக்க வேண்டும். அதன் 1.1 லிட்டர் என்ஜினில் டைமிங் பெல்ட், 1.2 லிட்டர் கப்பா என்ஜினில் டைமிங் செயின். பெல்ட் குறிப்பிட்ட காலத்தில் மாற்ற வேண்டிய பொருள். விட்டு அறுந்தால் பெரிய செலவில் கொண்டுபோய் நிறுத்தும். நேற்று எம்.ஓ.டி. தேறிய வண்டியில்கூட மாற்றவே மாற்றாத பெல்ட் இருக்கலாம். அதற்கு சர்வீஸ் பில்தான் சாட்சி.

● அப்படியானால் ‘இந்த மாடலில் இத்தனை சதவீதம் தேறுகிறது’ என்ற பட்டியலை நம்பலாமா? பாதி நம்பலாம். பல்பு போனதும் ஒரு தோல்வி, பிரேக் குழாய் துருப்பிடித்ததும் ஒரு தோல்வி. கணக்கில் இரண்டும் ஒன்றே. முதல் பார்வையில் தேறாத வண்டிகள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது விளக்கு, சஸ்பென்ஷன், பிரேக், டயர் ஆகியவற்றில்தான். இவற்றில் பலவும் தேய்வதற்கென்றே உள்ள பாகங்கள். கம்பெனி எப்படிச் செய்தது என்பதைவிட, உரிமையாளர் எப்படி வைத்திருந்தார், எத்தனை மைல் ஓட்டினார் என்பதையே அந்தச் சதவீதம் அதிகம் பேசுகிறது. கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வரும் சின்ன காரையும், நெடுஞ்சாலையில் தினம் இருநூறு மைல் ஓடும் டீசல் காரையும் ஒரே பட்டியலில் வைத்து, எது உழைக்கும் என்று கேட்பது நியாயமில்லை. ஒப்பிடுவதானால் ஒரே வயது, ஏறக்குறைய ஒரே மைல் உள்ள வண்டிகளை ஒப்பிட வேண்டும்.

● அங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அது அடிப்பகுதியை அரிக்கும். சீட் பெல்ட், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் பொருத்தப்பட்ட இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் உலோகம் பலவீனமாகும் அளவுக்குத் துரு இருந்தால் வண்டி தேறாது. அதற்கு வெளியே கதவின் கீழ் விளிம்பில் தெரியும் துரு கண்ணை உறுத்தும், சோதனையை உறுத்தாது. பழைய காரைப் பார்க்கப் போகிறவர் குனிந்து அடியில் பார்க்க வேண்டும் என்று அங்கே சொல்வது இதனால்தான்.

● இனி நம் பக்கம். 2008இல் ஒரே ஆலையில் தயாரான இரண்டு ஐ10களை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனுக்குப் போனது 2011இல் முதல் சோதனைக்கு வந்து, தொடர்ந்து ஓடியிருந்தால் 2023க்குள் 12, 13 முறை சோதிக்கப்பட்டிருக்கும். சென்னையிலேயே விற்பனையான சொந்தக் கார், இடையில் புகைச் சோதனையைத் தவிர வேறெதற்கும் போகாமல், 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கும்போதுதான் முதன்முதலாக எஃப்.சி.க்கு நிற்கிறது. வாடகை வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு. சொந்தக் காரின் பிரேக் மட்டும் தேயாதா?

● வேறுபாடு சோதனையோடு முடியவில்லை. ஐரோப்பாவுக்குப் போன ஐ10, 2008இல் யூரோ என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 4 நட்சத்திரம் பெற்றது. இந்தியாவில் விற்ற, ஏர்பேக் இல்லாத ஐ10 வகையை 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் மோதிப் பார்த்தபோது கிடைத்தது பூஜ்யம். அப்போது அதோடு சேர்த்துச் சோதிக்கப்பட்ட ஆல்டோ 800, நானோ, ஃபிகோ, போலோவின் அடிப்படை வகைகளுக்கும் அதே பூஜ்யம்தான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

● இங்கே எம்பரிவாஹன் செயலியில் ஒரு காரின் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று எதுவரை செல்லும் என்று பார்க்கலாம். மீட்டர் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு ஓடியது, பிரேக்கிலோ ஸ்டியரிங்கிலோ என்ன குறை கண்டார்கள் என்ற வரலாறு அதில் கிடையாது. புகைச் சான்று வாங்க எல்லாக் காரும் எப்படியும் ஆண்டுதோறும் சோதனை மையத்துக்கு வருகிறது. வந்த இடத்தில் மீட்டர் எண்ணையும் நான்கு டயரின் பட்டன் ஆழத்தையும் குறித்து, நம்பரைத் தட்டினால் யாரும் பார்க்கும்படி போட ஐந்து நிமிடம் போதும்.