ஹலோ... ஆகாயத்திலிருந்து பேசறேன்!

"சாட்டிலைட் போன் இல்லாம லடாக் போறதும், குடையில்லாம சிரபுஞ்சி போறதும் ஒண்ணுதான்" என்றான் பர்ச்சேஸ். (ஆபீஸில் எங்களுக்கு டிபார்ட்மென்ட்தான் பெயர். நான் டெஸ்பாட்ச். மூன்றாவது ஆசாமி அக்கவுன்ட்ஸ்.) அது 2016 ஆகஸ்ட். மூன்று பேரும் மூன்று விதமாகப் பொய் சொல்லி லீவு வாங்கியிருந்தோம்.

பர்ச்சேஸுக்கு துபாயில் ஒரு மச்சான். துராயா போன் ஒன்றைக் கொடுத்தனுப்பத் தயாராக இருந்தார். "டவரே வேணாம்டா. நேரா வானத்தோட பேசும்!"

நல்லவேளை, டிராவல் ஏஜென்ட்டிடம் வாயை விட்டோம். மனிதர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "சார், அதைக் கையில வச்சிருந்தீங்கன்னா, ஏர்போர்ட்டுலேயே உங்களை வேற வண்டியில ஏத்திடுவாங்க!"

அவர் மிகைப்படுத்தவில்லை. நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பதே குற்றம். 2008-ல் மும்பையைத் தாக்க வந்தவர்கள் கடத்திய மீன்பிடிப் படகில் ஒரு துராயா போன் கிடைத்தது. அதன் பிறகு கெடுபிடி இன்னும் அதிகம். விஷயம் தெரியாமல் இமயமலை ஏற வந்த வெளிநாட்டுக்காரர்கள் சிலர், ஏர்போர்ட் சோதனையில் போனோடு மாட்டி, சிகரத்துக்குப் பதிலாகக் கோர்ட் படி ஏறியிருக்கிறார்கள். 2017-ல் பி.எஸ்.என்.எல்., இன்மார்சாட் மூலம் சட்டப்படி சேவை ஆரம்பித்தபோதுகூட, முதல் வரிசை அரசுத் துறைகளுக்குத்தான். உங்களுக்கும் எனக்கும் இல்லை.

(நடுவில் ஒரு கிளைக்கதை. இரிடியம் என்று ஒரு சாட்டிலைட் போன் கம்பெனி. 77 சாட்டிலைட் விடுவதாகத் திட்டம். இரிடியத்தின் அணு எண் 77 என்பதால் அந்தப் பெயர். கடைசியில் 66 போதும் என்றார்கள். 66-ம் எண்ணுக்கு உரியது டிஸ்புரோசியம்! அந்தப் பெயரில் யார் போன் வாங்குவார்கள்? பழைய பெயரையே வைத்துக்கொண்டு 1998 நவம்பரில் கடை திறந்து, 1999 ஆகஸ்டில் திவால் மனு கொடுத்தார்கள். பிற்பாடு கை மாறிப் பிழைத்துக்கொண்டது வேறு விஷயம்.)

ஆக, போன் இல்லாமலே கிளம்பினோம். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் அப்போது வேலை செய்யாது. என்னுடைய போஸ்ட்பெய்டு, லேயைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் உயிரை விட்டது. 'அப்பாடா, மேனேஜர் கூப்பிட முடியாது' என்று கைதட்டினோம். அந்தச் சந்தோஷம் சோ மோரிரி ஏரி வரைதான்.

லேயிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். உயரம் சுமார் 4,500 மீட்டர். அன்று சாயங்காலம் அக்கவுன்ட்ஸுக்குத் தலைவலி ஆரம்பித்தது. ராத்திரி வாந்தி. மறுநாள் காலையில் ஷூ லேஸ் கட்ட அரை மணி நேரம் திண்டாடினான். டிரைவர் தரையில் ஒரு கோடு கிழித்து, "இது மேல நடங்க" என்றார். அக்கவுன்ட்ஸ் வாழ்க்கையில் பீர்கூடத் தொட்டதில்லை. ஆனால், டாஸ்மாக் வாசலில் பார்க்கிற நடை!

டிரைவர் முகம் மாறிவிட்டது. "உடனே கீழே இறங்கணும்." அக்கவுன்ட்ஸோ, "ரெண்டு நாள் ரூமுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. மாத்திரை போட்டா சரியாயிடும்" என்று குழறினான். அந்த நிலையிலும் கணக்கு!

கிராமத்தில் ஒரு பெட்டிக்கடையில் அரசாங்க சாட்டிலைட் போன் இருந்தது. வெளியே வானத்தைப் பார்த்து ஆன்டெனா, உள்ளே சோலார் பேட்டரி. லேயில் இருந்த எங்கள் ஏஜென்ட்டின் ஆளைப் பிடித்தோம். அவர் ஒரு டாக்டரைப் பேச வைத்தார்.

இங்கேதான் விபரீதம். இந்த போனுக்கான சாட்டிலைட் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் சொன்ன 'ஹலோ' மேலே போய்க் கீழே வரக் கால் செகண்ட். பதில் வர இன்னொரு கால் செகண்ட். அரை செகண்ட் என்ன பெரிசு என்பீர்கள். பேசிப் பார்த்தால் தெரியும்!

டாக்டர், "வாந்தி இருக்கா?" என்றார். "இருக்கு" என்றேன். பதில் வரவில்லையே என்று அவர் அதற்குள், "நேரா நடக்கிறாரா?" என்று அடுத்த கேள்வியைப் போட்டுவிட்டார். அதன் மேல் போய் விழுந்தது என் 'இருக்கு'. "அப்படின்னா பயமில்லை. ஓய்வெடுக்கட்டும்" என்றார் டாக்டர் நிம்மதியாக.

எனக்கும் நிம்மதிதான். ரிசீவரை வைக்கப் போனேன். கடைக்காரப் பெரியவர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு விரலை உயர்த்தி நிறுத்தினார். பிறகு தலையசைத்தார். கேள்... நிறுத்து... சொல்... நிறுத்து. எத்தனை பேர் அந்த போனில் உளறியதைப் பார்த்தவரோ!

மறுபடி ஆரம்பித்தேன். "டாக்டர், நேரா நடக்கலை. தள்ளாடறான்." மனசுக்குள் 'ஒன்று, இரண்டு' எண்ணினேன். டாக்டரின் குரல் அடியோடு மாறியது. "ஒரு நிமிஷம்கூட வெயிட் பண்ணாதீங்க. மூளையில நீர் கோக்கிற அறிகுறி அது. இறங்குங்க. எதிரே ஆக்ஸிஜனோட வண்டி அனுப்பச் சொல்றேன்."

கிளம்புமுன், "வீட்டுக்கு ஒரு வார்த்தை..." என்றான் அக்கவுன்ட்ஸ். பத்து வருஷத்து லெட்ஜரை மனப்பாடமாக ஒப்பிப்பவனுக்குப் பெண்டாட்டி நம்பர் தெரியவில்லை! அவன் செல்போன் குளிரில் செத்திருந்தது. பர்ச்சேஸின் சட்டைப்பையில் ஒரு குட்டி டைரி... அதில் இருந்தது. (இன்றைக்கு என் பர்ஸிலும் ஒரு துண்டுச்சீட்டில் ஏழு நம்பர் இருக்கிறது.)

டயல் செய்தேன். விசித்திரமான நம்பரைப் பார்த்ததும் அந்தம்மா, "லோனெல்லாம் வேணாங்க!" என்று கட் செய்துவிட்டார். இரண்டாவது தடவை எடுக்கவே இல்லை. மூன்றாவது தடவை திட்டுவதற்காகவே எடுத்தார். "நான்தாம்மா" என்றான் அக்கவுன்ட்ஸ்.

அரை செகண்ட்.

"ஏங்க, குரல் ஏன் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. சாட்டிலைட்டு. ரொம்ப தூரம்ல..."

சுமதாங் பக்கம் எதிரே வந்த வண்டியைச் சந்தித்தோம். ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டு, லே ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுக்கை. நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்ததும் அக்கவுன்ட்ஸ் முதலில் கேட்டது டெலிபோன் செலவு எவ்வளவு என்றுதான். பெரியவர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினேன். ஒவ்வொரு வரியாகப் பார்த்தவன், ஓர் இடத்தில் விரலை வைத்தான்.

"இந்த ஒரு நிமிஷம் யாருக்குடா?"

"'லோன் வேணாம்'னு சொன்னாங்களே, அதுக்கு."