தூத்துக்குடியில் உச்சிவேளை 12.17

தூத்துக்குடியில் கடிகாரம் பகல் 12 மணி காட்டும்போது சூரியன் உச்சிக்கு வந்திருக்காது. ஆண்டுச் சராசரியாக 12 மணி 17 நிமிடத்துக்குத்தான் வந்து சேரும். கடிகாரத்தில் கோளாறில்லை. அது காட்டுவது உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் அருகே செல்லும் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். இந்தியா முழுவதற்கும் அதுவே கணக்கு.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அதனால் கிழக்கே இருக்கும் ஊருக்கு உச்சிவேளை முந்தி வரும். ஓர் உச்சிவேளையிலிருந்து அடுத்ததற்கு 24 மணி நேரம். 360 டிகிரியை அதற்குள் பங்கிட்டால் ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். தூத்துக்குடி ஏறத்தாழ 78.15 டிகிரியில் இருக்கிறது. இடைவெளி 4.35 டிகிரி, நான்கால் பெருக்கினால் 17 நிமிடம் சொச்சம்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால், நேர வித்தியாசம் தெரிந்தவருக்குத் தான் நிற்கும் இடமும் தெரியும். கப்பலோட்டிகள் உயிரைப் பணயம் வைத்துத் தேடியது இதைத்தான். வடக்கு தெற்காக எங்கே இருக்கிறோம் என்பதைத் துருவ நட்சத்திரம் சொல்லிவிடும். தூத்துக்குடிக் கடலில் அது அடிவானத்துக்கு மேல் ஒன்பது டிகிரி வாக்கில்தான் தெரியும். கிழக்கு மேற்கை அறியவோ, புறப்பட்ட ஊரின் நேரத்தைப் பிசகாமல் காக்கும் கடிகாரம் வேண்டியிருந்தது. ஒரு நிமிடப் பிசகு இந்தக் கடலில் 27 கிலோமீட்டர்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வகத்துக்கும் கடற்பயணமே முக்கியக் காரணம். அங்கே பணியாற்றிய ஜான் கோல்டிங்ஹாம் 1802-இல் சென்னை நேரத்தைக் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியதாக நிர்ணயித்தார். பின்னாளில் ரயில்வே அதையே கைக்கொண்டது. 1876-இல் ரயில் தூத்துக்குடிக்கு வந்தபோது சென்னை நேரமும் உடன் வந்தது. ஊரின் சூரியனுக்கும் ரயில் கடிகாரத்துக்கும் எட்டரை நிமிட வித்தியாசம். 1906 ஜனவரி 1-இல் இந்தியப் பொது நேரம் வந்து இன்னும் ஒன்பது நிமிடம் கூட்டியது.

முத்துக்குளிப்பவர்களுக்கு இந்தக் கடிகாரம் எதுவும் தேவைப்படவில்லை. பூமியின் சுழற்சியை அவர்கள் காற்றாகவே அறிந்திருந்தார்கள். இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிரும். நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்று கிளம்பும். அதில் பாய்விரித்தால் விடியும்போது வள்ளம் முத்துச்சிப்பிப் பாருக்கு மேல் நிற்கும். வெளிச்சம் நீருக்குள் இறங்கியதும் கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி மூழ்குவார்கள், கயிறு மேலே ஒருவர் கையில் இருக்கும். உச்சிப்பொழுதில் வேலை முடியும். அதற்குள் நிலம் சூடேறிக் காற்று திரும்பியிருக்கும். அந்தக் கடல்காற்றே வள்ளத்தைக் கரை சேர்க்கும். இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரையில்தான் இது வாய்க்கும். தூத்துக்குடியில் கடைசியாகச் சலாபம் எனும் முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல்.

சூரியன் சொல்லும் நேரம் வேறு, அரசு வைக்கும் நேரம் வேறு என்பதைக் கொழும்புக்குத் தோணி ஓட்டியவர்கள் நேரிலேயே கண்டார்கள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சூரியக் கணக்கில் ஏழு நிமிடமே வித்தியாசம். ஆனால் மின்தட்டுப்பாட்டால் இலங்கை 1996-இல் கடிகாரத்தை முதலில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, பிறகு அதை அரை மணியாக்கியது. 2006 ஏப்ரலில்தான் இரு கரைக்கும் மறுபடி ஒரே நேரம் வந்தது.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்கத் தூத்துக்குடியைப் போல் வாகான ஊர் அரிது. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு. அதனால் இங்கே உச்சிவேளை நவம்பர் தொடக்கத்தில் 12.01-க்கும் பிப்ரவரி நடுவில் 12.31-க்கும் விழும். இந்த ஏற்ற இறக்கம் இல்லாமல் போகும் நாட்களில் இரண்டு, ஏப்ரல் 15-ம் செப்டம்பர் 1-ம். தூத்துக்குடியில் சூரியன் நேர் தலைக்கு மேல் வருவது ஏப்ரல் 12-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 30-ஐ ஒட்டியும். இரண்டும் இவ்வளவு நெருங்கி வருவது இந்த ஊருக்குக் கிடைத்த கொடை.

அந்த நாட்களில் ஒன்றில் ஒரு மீட்டர் கம்பியைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நடுங்கள். 12 மணிக்கு நிழல் மேற்கே ஏறத்தாழ ஏழே முக்கால் சென்டிமீட்டர் நீளம் கிடக்கும். 4 நிமிடத்துக்கு ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் வீதம் குறைந்து, 12.18 வாக்கில் கம்பியின் அடியிலேயே ஒடுங்கி, பிறகு கிழக்கே நீளத் தொடங்கும். திரும்பும் அந்த நிமிடத்தைக் குறித்து, 12-க்குப் பிந்திய நிமிடங்களை நான்கால் வகுத்து, 82.5-இலிருந்து கழித்தால் உங்கள் தீர்க்கரேகை. ஆகஸ்ட் கடைசியில் பள்ளிகள் திறந்திருக்கும்; ஆசிரியர்கள் மனம்வைத்தால் ஒரு மதிய இடைவேளை போதும். அதே நாளில் ராமேஸ்வரத்துப் பள்ளி ஒன்றும் கம்பி நட்டால் இன்னும் நல்லது: அங்கே நிழல் நாலரை நிமிடம் முந்தித் திரும்பும், இரு ஊருக்கும் கிழக்கு மேற்காக எவ்வளவு தூரம் என்று பிள்ளைகளே போனில் பேசிக் கணக்கிட்டுவிடலாம்.