வீக்கத்துக்குக் குளிசை: யாருக்கு, எப்படி?

கிளிநொச்சியில் இருக்கும் என் அம்மா, கிளினிக் போகும் நாட்களில் பிரூசமைட் குளிசையைப் போடமாட்டா. பஸ்ஸில் சிறுநீர் முட்டினால் எங்கே இறங்குவது என்ற பயம். இதை அவ வைத்தியரிடம் சொல்லவில்லை. மிஞ்சிய குளிசைகள் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போயின. 2009இல் ஷெல் பட்ட அவவின் இடது கால் அடிக்கடி வீங்கும்.

இரண்டுமே ஆபத்து.

இந்தக் குளிசை சிறுநீரகம் வழியாக உப்பையும் அதோடு தண்ணீரையும் வெளியேற்றுகிறது. இதயம், சிறுநீரகம், ஈரல் நோய்களால் நீர் தேங்கும்போதே பெரும்பாலும் தருவார்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால் பழைய காயமோ இரத்தக்கட்டியோ காரணமாகலாம். அதற்கு இது மருந்தல்ல.

குளிசை ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை தொடங்கி, ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் நீடிக்கும். அதனால்தான் காலையில் போடச் சொல்கிறார்கள். கேட்டபோது, பயண நாளில் வீடு திரும்பியதும் பின்னேரம் போடலாம் என்று அம்மாவுக்குச் சொன்னார்கள்.

கவனிக்க வேண்டியவை:

• தினமும் காலையில் நிறை பாருங்கள். சில நாட்களில் இரண்டு கிலோ கூடினால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.
• தலைச்சுற்று, தசைப்பிடிப்பு, நெஞ்சுப் படபடப்பு வந்தால் காட்டுங்கள். பொற்றாசியம் குறைந்திருக்கலாம்.
• வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் குளிசையைத் தொடரலாமா என்று உடனே கேளுங்கள்.
• டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்ற நோக்குளிசைகளைக் கேட்காமல் சேர்க்காதீர்கள், சிறுநீரகம் பாதிக்கும். சிறுநீரக நோய் பரவியுள்ள வவுனியாப் பக்கத்தவர்கள் கூடுதல் கவனமாயிருங்கள்.
• கருவாடு, ஊறுகாயைக் குறையுங்கள்.

மூச்சு முட்டினால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

அக்கா இப்போது தன் காலை வைத்தியரிடம் காட்டியிருக்கிறா.