முயல் உண்ண மறுத்தால்

பூச்சோங் வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர் மரங்களும் ஈய லம்பங்களும் நிறைந்து விளங்கிய பகுதியாகும். இன்று அங்கே மாடி வீடுகளும் கடை வரிசைகளும் எழுந்துவிட்டன. காசல்பீல்டு, கின்ராரா எனும் பழைய தோட்டங்களின் பெயர்கள் தமிழ்ப் பள்ளிகளின் பெயர்களில் நிலைத்து நிற்கின்றன. லயத்தின் பின்கட்டில் கோழியும் ஆடும் வளர்த்த குடும்பங்களின் பிள்ளைகள், இடம் குறைந்த இக்காலத்தில் முயல் வளர்க்க ஆசைப்படுகின்றனர். தோட்டங்களிலும் இவ்வழக்கம் பரவியுள்ளது. ஆடு நோயுற்றால் என்ன செய்வது என்பதை நம் பெரியோர் அறிவர். முயல் நோயுற்றால் என்ன செய்வது என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

நாமும் அறியாதவராகவே இருந்தோம். பூச்சோங்கில் ஆசிரியப் பணியாற்றிய நாளில், நம் மாணவர்கள் பள்ளியின் பின்புறத்தில் வெள்ளை முயல் ஒன்றை வளர்த்து வந்தனர். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அது கங்கோங் கீரையைத் தொடவில்லை. மூலையில் முதுகை வளைத்துக் குந்தியிருந்தது. "வயிறு காயட்டும், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று பிள்ளைகளிடம் கூறினோம். ஞாயிற்றுக்கிழமை அது இறந்து கிடந்தது. அதைக் கண்ட பிள்ளைகள் நம்மைக் குறை கூறவில்லை; எனினும், அந்தப் பிழை நம்முடையதே என்பதைப் பின்னர்க் கால்நடை மருத்துவர் ஒருவர் விளக்கியபோது உணர்ந்துகொண்டோம்.

'லங்கணம் பரம ஔஷதம்' என்பது நம்மவர் நம்பிக்கை. மனிதருக்கு அது சில வேளைகளில் பொருந்தலாம். முயலுக்கோ பட்டினி நஞ்சாகும்.

இதன் காரணத்தை அறிய முயலின் வயிற்றமைப்பைச் சிறிது காண்போம். மாட்டுக்கு உணவு புளித்துச் செரிப்பது முன் வயிற்றில். முயலுக்கோ குடலின் பின்பகுதியிலுள்ள பெரிய பை ஒன்றில். தோசை மாவு பானையில் புளிப்பதுபோல், அப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லின் நாரைப் புளிக்கச் செய்து சத்தாக மாற்றுகின்றன. அச்சத்து மெதுவான, பளபளப்பான சிறு உருண்டைக் கொத்தாக வெளிப்படும். முயல் அதனை உடனே வாயால் எடுத்து உண்டுவிடும். இதைக் கண்டு அருவருப்படைந்து முயலை விரட்டுவோர் உண்டு. அது நோயன்று, முயலின் இயற்கையான உணவு முறையாகும்.

இந்த இயந்திரம் ஓயாது ஓட வேண்டும். நாருள்ள உணவு உள்ளே சென்றுகொண்டிருந்தால்தான் குடல் அசையும். பல்வலியாலோ அச்சத்தாலோ வெப்பத்தாலோ முயல் உண்பதை நிறுத்தினால் குடலின் அசைவு தளர்கிறது. உள்ளிருக்கும் உணவு காய்ந்து இறுகுகிறது. வாயு சேர்ந்து வலி பெருகுகிறது. வலியினால் முயல் மேலும் உண்ண மறுக்கிறது. உடலின் கொழுப்பு கரைந்து ஈரலில் படிந்து ஈரலும் கெடுகிறது. முயலால் வாந்தி எடுக்கவும் இயலாது. ஆகவே, 12 மணி நேரம் ஒன்றும் உண்ணாமலும் புழுக்கையிடாமலும் இருக்கும் முயலை, உயிருக்குப் போராடும் நோயாளியாகவே கருத வேண்டும்.

முயல் தன் வேதனையை எளிதில் வெளிக்காட்டாது. காட்டில் பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி அது. நோயைக் காட்டிக்கொண்டால் பகைவன் கண்ணில் படும். எனவே கூச்சலிடாது, புலம்பாது. விடியற்காலையில் பிரட்டுக்குப் புறப்படுமுன் கூண்டின் அடித்தட்டைக் கைவிளக்கால் ஒரு கணம் பார்த்தல் போதும். நல்ல முயலுக்கு உருண்டையான, நாருள்ள புழுக்கைகள் நிறையக் கிடக்கும். அவை சிறுத்தோ, குறைந்தோ, இல்லாமலோ இருந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. பற்களை உரக்க நறநறவெனக் கடித்தல், கண்களைப் பாதி மூடிக் குந்தியிருத்தல், மோவாய் எச்சிலால் நனைந்திருத்தல், தலை ஒருபுறம் சாய்தல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல் ஆகியவையும் அபாயக் குறிகளாம்.

மோவாய் நனைந்திருந்தால் பற்களை ஐயுற வேண்டும். முயலின் பற்கள் ஆயுள் முழுதும் வளர்வன. முன்பற்கள் மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளரும். புல்லை மென்று தேய்க்காமல் ரொட்டியும் பிஸ்கட்டும் மீந்த சோறும் தின்று வளரும் முயலின் கடைவாய்ப் பற்கள் கூர்மையாகி நாக்கையும் கன்னத்தையும் கிழித்துவிடும். பிள்ளைகள் அன்போடு கொடுக்கும் பிஸ்கட் இவ்வாறு தீமையாக முடிகிறது.

இனி, நோயுற்ற முயலுக்கு வீட்டில் செய்யத்தக்கது யாது? முதலில் அதன் காதுகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். முயலின் உடல் வெப்பம் 38.5 முதல் 40 பாகை செல்சியஸ் வரை இருக்கும். காதுகள் சில்லிட்டு உடலும் துவண்டிருந்தால் உயிர் ஊசலாடுகிறது என்று பொருள். போத்தலில் வெதுவெதுப்பான நீரை நிரப்பித் துண்டில் சுற்றி, அதன் பக்கத்தில் வைக்கலாம். மாறாக, தகரக் கூரையின் கீழ் நண்பகல் வெயிலில் இருந்த முயல் காதுகள் கொதிக்க மூச்சு வாங்கினால், நிழலுக்குக் கொண்டு சென்று ஈரத்துணியால் காதுகளைத் துடைக்க வேண்டும். பனிக்கட்டி நீரில் முக்குதல் கூடாது. அதிர்ச்சியில் உயிர் போய்விடும்.

வயிறு கல்போல் இறுகியோ மத்தளம்போல் உப்பியோ இருந்தால் வாயில் எதையும் புகட்டாமல் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். குடலில் அடைப்பு இருக்கக்கூடும். வயிறு மென்மையாகவும், முயல் தலை நிமிர்ந்து விழுங்கக்கூடிய நிலையிலும் இருந்தால், மருத்துவரின் ஆலோசனையோடு தீனிக் குச்சிகளை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கூழாக மசித்துப் புகட்டலாம். ஊசி நீக்கிய சிரிஞ்சைக் கொண்டு, முன்பற்களுக்குப் பின்னுள்ள இடைவெளியில் பக்கவாட்டாக, ஒரு தடவைக்கு 1 மில்லிலிட்டர் வீதம், மென்று விழுங்கும்வரை காத்திருந்து கொடுக்க வேண்டும். 1 கிலோ எடையுள்ள முயலுக்கு வேளைக்கு 10 முதல் 15 மில்லிலிட்டர், நாளைக்கு மூன்று நான்கு வேளை என்பது பொதுவான அளவு. மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டினால் கூழ் நுரையீரலுக்குள் சென்றுவிடும்.

வீட்டிலுள்ள மருந்துகளை முயலுக்குக் கொடுத்துப் பார்க்கும் வழக்கத்தை அறவே விட வேண்டும். பென்சிலின், அமோக்சிசிலின் ஆகிய மருந்துகள் மனிதருக்கு உற்ற துணை. அவற்றை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால், குடற்பையிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து, தீயவை பெருகி, சில நாள்களில் முயல் இறந்துபோகும். நல்ல எண்ணத்தோடு செய்யும் தீங்குகளுள் இதுவே கொடியது.

தோட்டவாசிகள் மேலும் ஒன்றைக் கருத வேண்டும். களைக்கொல்லி அடித்த வரிசைகளில் புல் அறுத்து முயலுக்குப் போடலாகாது. பாராகுவாட் 2020-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. ஆயினும் வேறு களைக்கொல்லிகள் பயன்பாட்டில் உள்ளன. எந்தப் பக்கம் மருந்தடித்தார்கள் என்று கேட்டறிந்த பின்னரே புல் அறுப்பது நலம். ரப்பர் இலையிலும் கொட்டையிலும், மரவள்ளி இலையிலும் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் உண்டு. ஆதலால் அவற்றையும் தவிர்க்க வேண்டும்.

மருத்துவமனை செல்லுமுன் தொலைபேசியில் "முயலுக்கு மருத்துவம் பார்ப்பீர்களா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நாய், பூனைகளை மட்டுமே பார்க்கும் மருத்துவர்களும் உளர். பூச்சோங்கிற்கு அருகிலுள்ள செர்டாங்கில், 1971-இல் விவசாயப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பெற்ற புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை உள்ளது. தொலைவிலுள்ள தோட்டத்தார் மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் வழி கேட்கலாம். மோட்டார் சைக்கிளில் கொண்டு செல்வோர், துளையிட்ட அட்டைப் பெட்டியில் துண்டு விரித்து, வெயில் படாமல் எடுத்துச் செல்க. கடைசியாக இட்ட புழுக்கைகளை ஒரு பையில் கொண்டு சென்றால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

செலவைப் பற்றியும் மறைக்காமல் பேசிவிட வேண்டும். சிகிச்சை தொடங்குமுன் "ஏறக்குறைய எவ்வளவு ஆகும், பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு?" என்று கேட்பதில் வெட்கமில்லை. பிழைக்க வழியில்லை என்று மருத்துவர் கூறினால், வலியின்றி உயிர் விடச் செய்யும் ஊசியைப் பற்றி அவரே விளக்குவார். வசதி இல்லை என்பதற்காக நோயுற்ற பிராணியைச் செம்பனைக் காட்டில் விட்டுவருவது இரக்கமாகாது. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி வளர்ப்போரின் கடமையை மீறிய செயலாகும். அத்தகைய முடிவைப் பிள்ளைகளிடம் "ஓடிப்போய்விட்டது" என்று மறைக்க வேண்டாம். நம் மாணவர்கள் அந்த வெள்ளை முயலைத் தாங்களே குழி தோண்டிப் புதைத்தனர். அருகில் நின்று உண்மையைச் சொல்வதே அன்று நம்மால் செய்ய முடிந்தது.

பிழைத்துக்கொண்ட முயல் முதலில் இடும் புழுக்கைகள் சிறுத்தும் கோணலாகவும் இருக்கும். அதைக் கண்டு மகிழ்ந்து கூழையும் மருந்தையும் நிறுத்திவிடலாகாது. மருத்துவர் சொன்ன நாள்வரை தொடர்ந்து கொடுத்து, கூண்டில் எப்போதும் புல்லும் நீரும் இருக்கச் செய்து, புழுக்கைகள் பழைய அளவுக்கும் எண்ணிக்கைக்கும் திரும்பும்வரை காலையும் மாலையும் அடித்தட்டைப் பார்த்து வர வேண்டும்.